ஆறு நிமிஷ வெளிச்சம்

எங்கள் சந்தில் எல்லோருக்கும் தொழில்தான் பெயர். நான் பைண்டர். எதிரே கட்டிங் மிஷின்காரர், மூலையில் டீக்கடைக்காரர். என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்; அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் இருந்தவர் ஸ்கிரீன் பிரிண்டர். அவர் வீட்டம்மா என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். கூடப் பிறந்த தங்கச்சி எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு அதிகாரம் பண்ணியிருப்பாளா என்பது சந்தேகம்.

அவர்கள் கடையின் முன்பாதியில் அச்சடிக்கிற மேஜை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் ஸ்கிரீன்; அதைத் துணிப்பையின் மேல் இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் பையில் எழுத்து விழுந்திருக்கும். உட்கார்ந்து இழுத்தால் மை ஒரு பக்கம் தடித்துவிடும் என்று மாப்பிள்ளை முப்பது வருஷமாக நின்றே இழுத்தார். "இழுக்குறது கைன்னு நினைக்கிறீங்களா மச்சான்? குதிகால் அழுந்தி நிக்கலைன்னா அச்சு ஆடிடும்" என்பார். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கிற எவனைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு.

பின்பாதி இருட்டறை. அது தங்கச்சியின் ராஜ்ஜியம். வலைத்துணியில் பச்சைப் பசையைத் தடவி, பொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பது அவள் வேலை. அந்தப் பசைக்கு ஒரு குணம். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாக இறுகிவிடும். படாத இடம் தண்ணீர் ஊற்றினால் கரைந்து ஓடிவிடும். அதனால் எழுத்து வருகிற இடத்தை மட்டும் கறுப்பாக மறைத்துவிட்டு வெளிச்சம் காட்டுவார்கள். பிறகு கழுவினால் எழுத்து இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும், மை அதன் வழியாக இறங்கும். வெளிச்சம் காட்டுவதற்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு பெட்டி, உள்ளே ஆயிரம் வாட் விளக்கு. அதைப் போட்டால் பலகை இடுக்கு வழியாக என் கடைச் சுவரில் கோடு கோடாக வெள்ளை வெளிச்சம் விழும். மற்ற நேரமெல்லாம் அந்த அறையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். சிவப்பு வெளிச்சத்துக்கு அந்தப் பசை அசைந்துகொடுக்காது. எத்தனை மணி நேரம் எரிந்தாலும் ஒன்றும் ஆகாது, கண்ணுக்கு வழி தெரியும், அவ்வளவுதான்.

கடிகாரம் பார்க்காமல் மனசுக்குள்ளேயே எண்ணி நாலு நிமிஷத்தில் விளக்கை அணைப்பாள். சந்தில் வேறு யார் காட்டினாலும் ஒரு ஸ்கிரீன் இறுகும், ஒரு ஸ்கிரீன் கரையும். இவள் காட்டியது ஒன்றுகூட வீணானதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கட்டுமே, என்ன குறைந்துவிட்டது என்று நானும் விட்டுவிடுவேன்.

ஒரு நாள் ஆயிரம் பைக்கு சிவப்பு எழுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் தங்கச்சி கடையைக் கூட்டும்போது தரை முழுக்கச் சிவப்புப் பொட்டு.

"ஏங்க, மையை இப்படியா சிந்துவீங்க? மேஜையிலேர்ந்து வாசல் வரைக்கும் கோலம் போட்டிருக்கீங்க."

"நான் எங்க சிந்தினேன்? டப்பா மூடியே இருக்கு."

அவள் குனிந்து துடைத்தாள். மை என்றால் மண்ணெண்ணெய் வேண்டும். இது தண்ணீருக்கே போய்விட்டது. அவள் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் காலைப் பிடித்துத் தூக்கினாள். வலைத்துணியைச் சட்டத்தில் அடிக்கிற பின் ஒன்று, செருப்பைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் முழுசாக ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே அழுந்தி நின்று ஆயிரம் பை அடித்திருக்கிறார்.

"வலிக்கலையா?" என்று நான் கேட்டேன்.

"வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா மச்சான்?" என்று அவர் சிரித்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. டீயில் சீனி போடாமல் குடிப்பார், கூடவே இரண்டு பன் தின்பார். அதுதான் அவருடைய பத்தியம்.

மஞ்சளை வைத்தோம், களிம்பைத் தடவினோம், மருந்துக்கடைக்காரன் கொடுத்த மாத்திரையை விழுங்கினார். பின் குத்தின ஓட்டை மூன்று வாரத்தில் எலுமிச்சம்பழம் அகலத்துக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வண்டியில் அவர் பின்னால் உட்கார, தங்கச்சி பஸ்ஸில் வந்தாள்.

டாக்டரம்மா வயதில் சின்னவள். ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. ஒரு கம்பியை அவர் காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கம்மா, இன்னும் தொடவே இல்லையே" என்றார். அவள் ஆறேழு இடத்தில் தொட்டு முடித்திருந்தாள்.

"நரம்பு செத்துப்போச்சு ஐயா. வலி, சூடு, எதுவும் உங்க காலுக்குத் தெரியாது. புண்ணு எலும்புக்குக் கிட்டப் போயிடுச்சு. ஒண்ணரை மாசம் பார்க்கலாம். பாதியாவது மூடிடுச்சுன்னா தப்பிச்சோம். இல்லைன்னா காலை எடுக்குறதைப் பத்திப் பேசணும்."

"விரலையா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அப்ப எதுவரைக்கும் போயிருக்கோ அதுவரைக்கும்."

கால் போனால் மேஜை முன்னால் நிற்க முடியாது. நிற்காவிட்டால் அவர் யார்? அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவருக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வைத்தியம் இரண்டு மாதிரி. ஒன்று, புண்ணின் மேல் ஒரு ஜெல் வில்லை. கண்ணாடி மாதிரி, வழவழவென்று, தொட்டால் சில்லென்று இருக்கும். இன்னொன்று, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வெளிச்ச வைத்தியம். கட்டுப் போடுகிற சிஸ்டர் வாட்டசாட்டமான பெண்மணி. ஒரு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்பது வார்த்தை பேசுவாள்.

"இது முக்காவாசி தண்ணிதான்மா. புண்ணு காயக் கூடாது. ஈரமாவே இருக்கணும். ஈரத்துலதான் புதுத் தோல் ஓரத்துலேர்ந்து நகர்ந்து வரும். காஞ்சுபோச்சுன்னா வர்றதுக்கு வழியே இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. எடுக்கும்போது மஞ்சளா, கொழகொழன்னு இருக்கும், பயப்படாதீங்க."

"காயாம எப்படி சிஸ்டர் புண்ணு ஆறும்?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா. சொன்னதைச் செய்யுங்க."

அடுத்த அறையில் அவரைப் படுக்கவைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலுக்கு நேரே ஒரு பலகையை நிறுத்தினார்கள். பலகை முழுக்கக் குட்டிக் குட்டி விளக்கு. சிஸ்டர் பொத்தானை அழுத்தியதும் அறையே சிவப்பாகிவிட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஊரெல்லாம் சுற்றி வந்து தன் வீட்டு வாசலிலேயே இறங்கினவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணே, இது நம்ம ரூம் லைட்டு."

"உஷ்" என்றேன்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டதைப் பற்றியே பேசினார். "நல்லா இருந்தேனா? ஹீரோ கணக்கா இருந்திருப்பேனே" என்றார். தங்கச்சி சிரிக்கவில்லை. பஸ் வரும்வரை தனக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே நின்றாள்.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தால் தொலைகிறது என்று விடலாம், இது நாள் முழுக்க நசநசவென்று பெய்தது. என் கடையில் ஒட்டின அட்டையெல்லாம் வளைந்துகொண்டது. அவர்கள் கடையில் பசை தடவின ஸ்கிரீன் காய மறுத்தது. மாப்பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிவைத்துவிட்டு, தங்கச்சியே கட்டை இழுத்தாள். ஐம்பது பைக்கு ஒரு தடவை தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, "அழுத்தாத, அழுத்தாத, இழு" என்று தொண்டை கிழியக் கத்துவார். "வந்து நீங்க இழுங்களேன்" என்று அவளும் ஒரு நாள் கத்திவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தட்டில் சோறும் அவித்த முட்டையும் அப்படியே காய்ந்து கிடந்தன.

இரண்டு நாளைக்கு ஒரு முறை கட்டுப் பிரிக்கும்போது என்னையும் கூப்பிடுவாள். தனியாகப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஜெல்லைத் தூக்கினால் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு வழியும். ஓரத்துத் தோல் ஊறி வெளுத்திருக்கும். நடுவே செக்கச்செவேல் என்று பொடிப்பொடியாகச் சதை. பச்சை ரணம். மூன்று வாரமாக அதே பச்சை ரணம்.

"அழுகுது அண்ணே. பார்த்தாலே தெரியுது. தண்ணியில போட்ட அட்டை மாதிரி ஊறிப்போயிருக்கு."

"சிஸ்டர் நல்லா வருதுன்னாங்களே."

"அவங்க எல்லாருக்கும் அதான் சொல்றாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மாவுக்கும் நல்லா வருதுன்னாங்க. அடுத்த தடவை போனா அந்தக் கட்டில் காலி."

அதுவும் உண்மைதான். அந்த சிஸ்டர் யாரைப் பார்த்தாலும் நல்லா வருது என்றுதான் சொல்லுவாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வார்த்தையில் சிக்கனம்.

நாலாவது வாரம் போனபோது வெளிச்ச அறை பூட்டியிருந்தது. மிஷின் ரிப்பேராம். ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் வீட்டுலயே ஜெல் மாத்திட்டு இருங்க. ஈரம் போயிடக் கூடாது, ஞாபகம் வச்சுக்குங்க. மிஷின் வந்ததும் போன் பண்றேன்" என்றாள் சிஸ்டர். அதுவரைக்கும் தேவையான ஜெல்லை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டரம்மா சொன்ன ஒண்ணரை மாதத்தில் இருபது நாள்கூட மிச்சம் இல்லை.

மறுநாள் மத்தியானம் தங்கச்சி என் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு நோட்டுக்கு முதுகுத்துணி ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பசை காயாம இருந்தா புத்தகம் நிக்குமா?"

"எப்படி நிக்கும்? பக்கம் பக்கமா கழண்டு கையில வரும்."

"நானும் அதான் யோசிக்கிறேன். இருபது வருஷமா பசையும் லைட்டும்தான் என் தொழில். பசைன்னா காயணும். காஞ்சதை லைட்ல காட்டணும். அப்பதான் இறுகும். அவங்க என்ன பண்றாங்க? ஈரத்தோட வச்சு, சிவப்பு லைட்ல காட்டுறாங்க. சிவப்பு லைட்ல ஒரு வருஷம் வச்சாலும் எதுவும் இறுகாது அண்ணே. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது வேற, இது வேற இல்லையாம்மா?"

"என்ன வேற? அதுவும் ஜெல்லு, இதுவும் ஜெல்லு. இது புண்ணை மூடணும், அது வலையை மூடுது. மூணு வாரம் காட்டினாங்களே, ஒரு கோடாவது இறுகுச்சா? தண்ணியாத்தானே ஓடுது. லைட்டு படாத ஸ்கிரீன் இப்படித்தான் ஓடும்."

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நம்மளை மாதிரி ஆளுக்கு சிவப்பு லைட்டு போதும்னு வச்சிருப்பாங்க மச்சான். வெள்ளை லைட்டு மேல் மாடியில இருக்கும்."

"சும்மா இருங்க மாப்ள."

"அவ கைபட்ட ஸ்கிரீன் ஒண்ணு கெட்டிருக்கா? சொல்லுங்க, ஒண்ணு?"

"இல்லை."

"அப்ப என் கால் மட்டும் கெட்டுடுமா?"

அவள் என்னையே பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. கேட்டால் வேண்டாம் என்பாள், அப்புறம் இவர்களுக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழி இருக்காது. நானும் பசைக்காரன்தானே. காயாத எதையும் நம்பாதவன். "நீ சொல்றதும் சரியாத்தான் படுது" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து எத்தனையோ அசட்டு வார்த்தை வந்திருக்கிறது. இதை மட்டும் யாராவது என் பல்லைத் தட்டித் தடுத்திருக்கலாம்.

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். வெளியே மழை. அவள் கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, புது ஜெல்லை வைத்தாள். பிறகு ஸ்கிரீன் காயவைக்கிற சுடுகாற்று மிஷினை எடுத்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆட்டினாள். எவ்வளவு நிதானம், எவ்வளவு அக்கறை! கண்ணாடி மாதிரி இருந்த ஜெல் சுருங்கி, மங்கி, ஓரம் தூக்கிக்கொண்டது.

"சுடுதாங்க?"

"ஒண்ணுமே தெரியல. நீ பாட்டுக்குக் காட்டு."

பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அவர் காலைக் கண்ணாடியின் மேல் வைக்கச் சொன்னாள். ஸ்கிரீன் ஆடாமல் இருக்க மேலே ஸ்பாஞ்சும் கனமான புத்தகமும் வைப்பார்கள். அவர் பாதத்தின் மேலும் ஸ்பாஞ்சை வைத்தாள். புத்தகத்துக்குப் பதில் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். பாதத்தைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் பீறிட்டு வந்தது. அவர் விரல்களின் ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் தெரிந்தது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சுடுதா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?"

சூடு தெரிகிற காலாக இருந்தால் அரை நிமிஷத்தில் உதறியிருப்பார். கண்ணாடியை நான் தொட்டுப் பார்த்திருக்கலாம். தொடவில்லை.

முதல் நாள் நாலு நிமிஷம். இரண்டாம் நாள் ஐந்து. மழைக்காலத்தில் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வேண்டும் என்று மூன்றாம் நாளிலிருந்து ஆறு. அவர் எட்டிப் பார்த்து, "போதும்டி, பை அடிக்கக் கிடக்கு" என்று காலை எடுத்துக்கொள்வார். அவள், "இன்னும் அரை நிமிஷம்" என்று கெஞ்சுவாள்.

ஐந்தாம் நாள் தடுப்பைத் தட்டினாள். "அண்ணே, ஓடி வாங்க" என்று ஒரே கூச்சல். பதறிக்கொண்டு போனேன். கட்டைப் பிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் இல்லை. கொழகொழப்பு இல்லை. பச்சை ரணம் இல்லை. புண் இருந்த இடத்தில் கறுப்பாக, கெட்டியாக, ஒரு மூடி. அவள் நகத்தால் தட்டினாள். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"இறுகிடுச்சு அண்ணே!"

"நான் சொல்லல?" என்றார் மாப்பிள்ளை. அவர் கண்ணில் தண்ணீர். "பெரிய ஆஸ்பத்திரியாம், பெரிய ஆஸ்பத்திரி. என் பொண்டாட்டி அஞ்சு நாள்ல முடிச்சுட்டா."

டீக்கடையிலிருந்து மூன்று டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்தேன். அவள் ரொம்ப நாளைக்கப்புறம் முழு டீயும் குடித்தாள். அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜை முன்னால் போய் நின்று, எல்லாரும் பார்க்க ஒரு பை இழுத்தார். எழுத்து கத்தி மாதிரி விழுந்தது. நான் கைதட்டினேன். நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் அவருக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் ஸ்டூல் ஆடுகிற மாதிரி நடுக்கம். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அறுந்துவிட்டது. கெண்டைக்காலில் சிவப்பாக ஒரு கோடு முழங்காலை நோக்கி ஏறியிருந்தது. அந்தக் கறுப்பு மூடியின் ஓரத்தை அவள் லேசாக அழுத்தினாள். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தை நான் சொல்லப்போவதில்லை. அவள் அவர் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நல்லா இறுகியிருந்துச்சே, நல்லா இறுகியிருந்துச்சே."

டாக்டரம்மா மூடியைப் பார்த்த மாத்திரத்தில் நிமிர்ந்தாள்.

"இது தீக்காயம். எதை வச்சுச் சுட்டீங்க?"

தங்கச்சியை ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லிச் சீட்டுக் கொடுத்துக் கீழே அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் மாப்பிள்ளை, பக்கத்தில் நான்.

"அச்சடிக்கிற லைட்டும்மா" என்றார் அவர். "வெளிச்சம்தானேன்னு நான்தான் காட்டினேன்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விஷம் ரத்தத்துல ஏறிட்டு இருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். இன்னைக்கே. இல்லைன்னா ஆளே கிடைக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணப் போய்விட்டாள்.

சிஸ்டர் மட்டும் நின்றாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். எங்களிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.

"இது முதல் நாள். இது மூணாவது வாரம்" என்று தள்ளித் தள்ளிக் காட்டினாள். "பாருங்க ஐயா. எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்திருக்கு. மூணுல ஒரு பங்கு மூடிடுச்சு. சிவப்பா பொடிப்பொடியா இருக்கே, இதான் புதுச் சதை. இதைப் பார்க்கத்தான் நாங்க தவம் கிடப்போம். இன்னும் ஒரு மாசம்... ஒரே மாசம் விட்டிருந்தீங்கன்னா..." அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். "ஆறிட்டுத்தான் இருந்துச்சு ஐயா" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் அழுகுது, அழுகுது என்று அலறிய அந்தப் பச்சை ரணம்தான் அவர் கால். அதைத்தான் ஐந்து நாள் உட்காரவைத்துச் சுட்டோம்.

மாப்பிள்ளை போனைக் கையில் வாங்கி, அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு ஸ்கிரீனைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மாதிரி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"சிஸ்டர், ஒரு உதவி பண்ணணும். இதை அவகிட்டக் காட்டாதீங்க."

"ஐயா..."

"காட்டவே காட்டாதீங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிடுங்க. மச்சான், உங்களுக்கும்தான். உங்க வாய் ஒரு இடத்துல நிக்காது."

"நிக்கும்" என்றேன்.

"தன் கைபட்டது எதுவும் கெடாதுன்னுதான் அவ இருக்கா. அப்படியே இருக்கட்டும்."

காகிதம் வந்தது. அவரே கையெழுத்துப் போட்டார். அந்தக் காய்ச்சலிலும் எழுத்து நேராகத்தான் விழுந்தது. மூக்கில் குழாயைச் செருகினார்கள். அதற்குள் தங்கச்சி படியேறி ஓடிவந்தாள். தலையெல்லாம் மழை, கையில் ரத்த ரசீது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்னங்க சொன்னாங்க? எதுவரைக்கும்?"

"முழங்காலுக்குக் கீழ."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. சிஸ்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னாலதானே? நான் காட்டினதாலதானே? சொல்லுங்க, என்னால..."

"பைத்தியம். நீ காட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம். பின்னு ஏறின அன்னைக்கே உள்ள எலும்பு வரைக்கும் கெட்டுப்போச்சாம். மேல என்ன பண்ணியிருந்தாலும் இதேதானாம். மச்சானும் கேட்டுட்டுத்தான் இருந்தாரு. கேட்டுக்க."

"ஆமாம்மா" என்றேன். "உள்ளுக்குள்ள முன்னாடியே கெட்டுப்போச்சாம்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குலுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் காலைப் பார்த்தபடி யோசித்தாள். பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு நின்ற மாதிரியே தனக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

"மேல இறுகியிருக்கு, உள்ள இறங்கல. அதானே? நான் அப்பவே சொன்னேனே. ஆறு நிமிஷம் பத்தாது, பத்தாதுன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? பை கிடக்கு, பை கிடக்குன்னு காலை எடுத்துட்டீங்களே. இன்னும் அஞ்சு நிமிஷம், அஞ்சே அஞ்சு நிமிஷம் சேர்த்துக் காட்டியிருந்தா எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும். உங்க காலைக் காப்பாத்தியிருப்பேங்க. நான் காப்பாத்தியிருப்பேன்."

தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவளை நகரச் சொன்னார்கள். அவள் நகராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க" என்று அழுதாள்.

"ஆமா" என்றார் மாப்பிள்ளை. "நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்."